ஹீட்டர் என்றால் எந்த ஹீட்டர்?

வடசென்னையின் தண்டையார்பேட்டையில் 38 ஆண்டுகள் டீசல் வண்டிகளைப் பிரித்து மாட்டியவன் நான். டி.எச். ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் பட்டறை. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர், காசிமேட்டு மீன் வண்டி, தண்ணீர் லாரி, முகூர்த்த நாளில் மட்டும் வெளியே வரும் பழைய அம்பாசடர் என்று எல்லாம் வந்து நிற்கும். 'வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை' என்ற வாக்கியத்தை என் அளவுக்குக் கேட்டவர்கள் அந்த வட்டாரத்தில் குறைவு. அப்படிப்பட்ட என்னை, கனடாவின் வின்னிபெக் நகரத்தில் ஒரு சாதாரண பெட்ரோல் கார், பேரனுக்குத் தடுப்பூசி போட வேண்டிய நாளன்று, வாயடைத்து நிற்க வைத்தது. காரில் ஒரு குறையும் கிடையாது. குறை என் விரலில் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது எங்கள் தெருவிலிருந்தே இரண்டு மூன்று பிள்ளைகள் கனடாவுக்குப் படிக்கப் போகிறார்கள். பெற்றோர் என்னிடம் வந்து குளிர் எப்படி, என்ன சட்டை வாங்க வேண்டும் என்று கேட்கிறார்கள். சட்டையைப் பற்றி என் மனைவியிடம் கேளுங்கள் என்று அனுப்பிவிடுவேன். காரைப் பற்றிக் கேட்டால் உட்காரவைத்துப் பேசுவேன்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். எங்கள் பட்டறை மொழியில் 'ஹீட்டர்' என்றால் டீசல் எஞ்சினின் குளோ பிளக். பென்சில் தடிமனில் ஒரு உலோகக் குச்சி, சிலிண்டருக்கு ஒன்று. சாவியை முதல் திருப்பில் நிறுத்தினால் டேஷ்போர்டில் சுருள்கம்பி படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். அந்த நேரத்தில் பேட்டரியின் மின்சாரம் குச்சியின் முனையைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சும். 800 டிகிரியைத் தாண்டும் சூடு அது. விளக்கு அணைந்ததும் செல்ஃப் அடிக்க வேண்டும்.

டீசலுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி அமுக்கும்போது பிறக்கும் சூட்டில்தான் அது பற்றிக்கொள்கிறது. எஞ்சின் ஜில்லென்றிருந்தால் அந்தச் சூட்டை இரும்பே குடித்துவிடும். அதிலும் பழைய வேன்களிலும் டீசல் கார்களிலும் எரிபொருள் நேராக சிலிண்டருக்குள் போகாமல், எஞ்சினின் தலைப் பகுதியில் (ஹெட்) இருக்கும் சின்ன அறை ஒன்றில் முதலில் பற்றி, பிறகு கீழே இறங்கும். அந்தச் சின்ன அறையின் சுவர்கள் சூட்டை வேகமாக உறிஞ்சிவிடும். அதனால்தான் அந்த வண்டிகளுக்கு ஹீட்டர் இல்லாமல் காலை விடியாது. எண்ணூரில் செய்து வெளிவந்த பழைய லேலண்ட் லாரிகளில் டீசல் நேராக சிலிண்டருக்குள்ளேயே பீச்சப்படும். நம் ஊர்க் குளிருக்கு அவற்றுக்கு ஹீட்டர் தேவைப்படாது.

நான் தொழில் பழகிய காலத்தில், மார்கழிக் காலையில் அடம்பிடிக்கும் வேனுக்கு எங்கள் பெரிய மெக்கானிக் ஒரு வைத்தியம் வைத்திருந்தார். கம்பி முனையில் துணியைச் சுற்றி, டீசலில் நனைத்துக் கொளுத்தி, ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு எஞ்சின் மூச்சிழுக்கும் வாயருகே பந்தம் காட்டுவார். சூடான காற்று உள்ளே போய் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை அவருடைய வலது புருவத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அந்த வைத்தியத்தை யாரும் பின்பற்ற வேண்டாம். ஈதர் கலந்த ஸ்ப்ரேயும் அப்படித்தான். குளோ பிளக் உள்ள எஞ்சினில் அதை அடித்தால், சிவந்த முனையில் பட்டு எடுத்த எடுப்பிலேயே வெடித்து பிஸ்டனை உடைக்கக்கூடும்.

இந்த ஞானத்தோடுதான் டிசம்பர் மாதத்தில் வின்னிபெக் போய் இறங்கினேன். மகளுக்குக் குழந்தை பிறந்து ஏழு வாரம். வீட்டு வாசலில் மாப்பிள்ளையின் கார் நின்றது. முன்பக்கக் கிரில்லின் வழியாக மூன்று முள் பிளக் ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

"மின்சாரக் காரா மாப்பிள்ளை?"

"இல்லை மாமா, பெட்ரோல்தான். அது பிளாக் ஹீட்டர். ராத்திரி கரண்டில் மாட்டிவைத்தால்தான் காலையில் எஞ்சின் எழுந்திருக்கும்."

பெட்ரோல் காருக்கு ஹீட்டரா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அடுத்த நாள் பானெட்டைத் திறந்து பார்த்தபோது சிரிப்பு அடங்கியது. நம் வீடுகளில் பக்கெட்டில் போட்டு வெந்நீர் வைக்கிறோமே, அந்தக் கம்பி ஹீட்டரின் தம்பி அது. எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் வார்ப்புத் துளைகளை அடைக்க வட்டத் தகட்டு மூடிகள் இருக்கும் அல்லவா, அதில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் பொருத்துகிறார்கள். முனை கூலன்ட்டுக்குள், அதாவது எஞ்சினைச் சுற்றி ஓடும் ரேடியேட்டர் திரவத்துக்குள், முங்கியிருக்கும். சிறிய கார்களுக்கு 400 வாட் போல இருந்தால் போதும், நம் வெந்நீர்க் கம்பியில் பாதிகூட இல்லை. சூடான கூலன்ட் மேலே எழும்ப, குளிர்ந்தது கீழே இறங்க, மெல்ல மெல்ல பிளாக் முழுவதும் வெதுவெதுப்பாகிறது. இதன் மூத்த வடிவம் ஒன்றுக்கு அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் 1949இல் காப்புரிமை பெற்றார். அவருடையது எஞ்சின் தலையில் ஒரு போல்ட்டை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகச் சூடாகும் போல்ட்டை முடுக்குவது. தொழில்காரன் மூளை என்று பாராட்டத் தோன்றியது.

குளிரில் கார் ஏன் படுத்துக்கொள்கிறது? மூன்று இடங்களில் அடி விழுகிறது. எஞ்சின் ஆயில் கெட்டியாகிறது. பேட்டரிக்குள் ரசாயன வேலை மந்தமாகிறது. மைனஸ் 18 டிகிரியில் அதன் பலம் பாதிக்கும் கீழே போய்விடும். பெட்ரோல் ஆவியாக மறுக்கிறது. கெட்டியான ஆயிலைக் கிழித்துச் சுற்ற அதிக பலம் வேண்டிய நேரத்தில்தான் பேட்டரி நோஞ்சானாகிறது என்பது இதில் பெரிய கொடுமை. பிளாக் ஹீட்டர் எஞ்சினை மட்டுமே சூடாக்கும். பேட்டரியை அது தொடாது. நான் இதைப் புரிந்துகொண்டது பட்ட பிறகுதான்.

ஆயில் டப்பாவில் 20டபிள்யூ-40 என்று போட்டிருக்கிறதே, அந்த 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். அப்படிப்பட்ட ஊரில் ஆயுள் முழுக்க 'குளிர்கால' எண்ணைப் பார்த்துப் பார்த்து ஆயில் ஊற்றியிருக்கிறேன், ஒரு நாளும் யோசித்ததில்லை. அங்கே 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று வாங்குகிறார்கள். முன் எண் சிறியதாக இருக்க இருக்க, குளிரிலும் ஆயில் ஓடும். நம் 20டபிள்யூ-40 அந்தக் குளிரில் ஏறக்குறைய குங்கிலியம்.

சரி, என் விரலுக்கு வருகிறேன்.

ஜனவரி மாத இரவு. மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பேரனுக்குத் தடுப்பூசி. மைனஸ் 33 டிகிரி வரும் என்று செய்தியில் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை வெளியே போய் காரின் பிளக்கை ஒயரில் மாட்டி, சுவரில் இருந்த பிளக் பாயின்ட்டில் ஒரு டைமரைச் செருகிவிட்டு வந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு டைமர் கரண்டைத் திறந்துவிடும், எட்டு மணிக்குள் எஞ்சின் தயார். எல்லாம் சரியாகத்தான் செய்தார். நான் படுக்கப் போகும்போது வாசல் கதவருகே இரண்டு சுவிட்சுகள் மேலே தூக்கியிருந்ததைப் பார்த்தேன். ஒன்று வாசல் விளக்கு. இன்னொன்று எதற்கென்று தெரியவில்லை, எந்த விளக்கும் எரியவில்லை. கரண்ட் பில்லுக்குப் பயந்தே வளர்ந்த உடம்பு. இரண்டையும் அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த இரண்டாவது சுவிட்சு வெளிச்சுவர் பிளக் பாயின்ட்டுக்கு உரியது.

காலையில் மாப்பிள்ளை சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றுவதற்கே கிழவன் மாடி ஏறுவதுபோல முனகியது. இரண்டு முறை முயன்றுவிட்டு நிறுத்தினார். அனுபவசாலி அருகில் நிற்கிறேன் அல்லவா, "இன்னொரு தடவை நன்றாக இழுத்து அடியுங்கள் மாப்பிள்ளை" என்றேன். மாமனார் சொல்லைத் தட்ட முடியாமல் அவரும் அரை நிமிடத்துக்கு மேல் இழுத்து அடித்தார். முனகல் இளைத்து, கடைசியில் 'டிக் டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் மிஞ்சியது. பேட்டரியும் காலி. தண்டையார்பேட்டையில் எத்தனை டிரைவர்களை இதற்காகத் திட்டியிருப்பேன்! பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதே, அடித்தால் ஒரு நிமிடமாவது ஆறவிடு என்று சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தவனே நான்தான்.

மகளும் மாப்பிள்ளையும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்ஸியில் போனார்கள். நான் காருடன் நின்றேன். சுவரிலிருந்த டைமரைப் பார்த்தேன். வட்டத் தட்டுச் சுழலும் பழைய மாதிரி டைமர் அது. பதினொன்று பத்தில் நின்றிருந்தது. நான் படுக்கப் போன நேரம். போலீஸ்காரர் தேவைப்படவில்லை.

அடுத்துச் செய்ததில் மட்டும் கொஞ்சம் புத்தி வேலை செய்தது. சார்ஜ் நிறைந்த பேட்டரி மைனஸ் 50ஐத் தாண்டினாலும் உறையாது. காலியான பேட்டரிக்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான், மைனஸ் 10ஐ ஒட்டியே உறையத் தொடங்கிவிடும். உறைந்த பேட்டரியைச் சார்ஜில் போட்டால் வெடிக்க வாய்ப்புண்டு. அதனால் உடனே அதைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோக முடிவு செய்தேன். பத்தாம் நம்பர் ஸ்பேனரைப் பிடிக்கக் கையுறை தடித்து இடைஞ்சலாக இருந்தது. கழற்றினேன். ஸ்பேனர் விரலில் ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது சுட்டுவிரல் நுனித் தோல் ஸ்பேனரோடு போனது. சூட்டில் தோல் உரிந்து பார்த்திருக்கிறேன், சைலன்சர் தொட்டு ஆயிரம் முறை. குளிரில் உரிந்தது அன்றுதான். மைனஸ் முனையை முதலில், பிளஸ் முனையைப் பிறகு கழற்றி, பேட்டரியைத் தூக்கி உள்ளே வைத்து, அது அறைச் சூட்டுக்கு வந்த பிறகு சார்ஜரில் போட்டேன். சுவிட்சைப் போட்டு, டைமரைத் தாண்டி நேராகக் கரண்ட் கொடுத்தேன். கிரில்லில் காதை வைத்துக் கேட்டால், அடுப்பில் பாத்திரம் காய ஆரம்பிக்கும்போது வருமே, அதுபோல 'ஸ்ஸ்ஸ்' என்று மெல்லிய இரைச்சல். ஹீட்டர் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அதற்குப் பிறகு அங்கிருந்த நாள் வரை பிளக்கை மாட்டியதும் குனிந்து அந்தச் சத்தத்தைக் கேட்காமல் வீட்டுக்குள் போனதில்லை.

மூன்று மணி நேரம் கழித்து, பேட்டரியைப் பொருத்தி சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்தது.

அன்றைக்குப் பிறகு மாப்பிள்ளையிடம் கேட்டும் நானே செய்தும் தெரிந்துகொண்டவை சில. தெர்மாமீட்டர் மைனஸ் 15ஐத் தொட்டால் ஹீட்டரை மாட்டிவிட வேண்டும். இரவு முழுக்க ஓடவிடுவது காசைக் கரியாக்குவது. இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் எஞ்சின் எவ்வளவு சூடாகுமோ அவ்வளவுதான், அதற்குமேல் காற்று கொண்டுபோவதும் ஹீட்டர் கொடுப்பதும் சரிக்குச் சரி. ஒயர் மூன்று முள் கொண்ட, வெளியில் பயன்படுத்தும் தடித்த ஒயராக இருக்க வேண்டும். வீட்டுக்குள் பயன்படுத்தும் மெல்லிய ஒயர் அந்தக் குளிரில் முருங்கைக் கொம்புபோல விறைத்து, மடக்கினால் உறை வெடித்துவிடும். அங்கே கரண்ட் 120 வோல்ட். அதனால் அதே வாட்டுக்கு நம் ஊரைவிட இரண்டு மடங்கு ஆம்பியர் ஒயரில் ஓடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்க மறந்து காரை எடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் பத்தடி ஒயரை வால்போல இழுத்துக்கொண்டு தெருமுனை வரை போனார். மாப்பிள்ளை ஒயரை டிரைவர் பக்கக் கண்ணாடியில் ஒரு சுற்றுச் சுற்றித்தான் மாட்டுவார். அதைப் பார்க்காமல் காரில் ஏற முடியாது. எளிய யோசனை, எனக்குப் பிடித்துப்போனது.

ஸ்டார்ட் ஆனபின் அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம் விட்டு, மெதுவாக ஓட்டிப் போனாலே எஞ்சின் வேகமாகச் சூடாகும். கால் மணி நேரம் உறுமவிடுவது வீண். மூடிய ஷெட்டுக்குள் உறுமவிட்டால் புகை ஆளையே கொன்றுவிடும்.

கூலன்ட் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நம் ஊர்க்காரர்கள் அடம்பிடிப்பார்கள். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றிப் பழகிய கை நமக்கு. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். அங்கே பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஒரே இரவில் இரும்பு பிளாக் விரிந்து வெடித்துவிடும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். கூலன்ட் குறைந்து ஹீட்டர் முனை காற்றில் நின்றால் அதுவும் கருகிப்போகும், பக்கெட்டில் தண்ணீர் இல்லாமல் வெந்நீர்க் கம்பியைப் போட்டதுபோல. இங்கே உறையும் பயம் இல்லை, உண்மைதான். ஆனால் உப்புத் தண்ணீர் பிளாக்கை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைப்பதை நான் திறந்து பார்த்திருக்கிறேன், அடைத்திருந்த தகட்டு மூடி விரலால் குத்தினாலே ஓட்டையாகும் அளவுக்கு.

மார்ச்சில் ஊர் திரும்பினேன். அடுத்த மார்கழியில் பக்கத்துத் தெருப் பையன் வந்து நின்றான். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துப் பெரம்பூர்ப் பக்கம் கடைகளுக்குப் போடுகிறவன். பழைய டீசல் வேன். நான்கு நாட்களாக ஐந்து பேர் தள்ளித்தான் ஸ்டார்ட் ஆகிறதாம்.

"புது பேட்டரியும் போட்டுவிட்டேன் பெரியப்பா. அப்படியும் கேட்கவில்லை."

மறுநாள் மூன்றே முக்கால் மணிக்குப் போய்ப் பார்த்தேன். குளிர் என்று அவன் காதில் மப்ளர் சுற்றியிருந்தான், 21 டிகிரி. செல்ஃப் கணகணவென்று சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை, பச்சை டீசல் நாற்றம் கண்ணைக் கரித்தது. இந்த இரண்டும் சேர்ந்தால் பேட்டரியைக் குற்றம் சொல்லக் கூடாது. டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை என்று பொருள்.

மஞ்சள் விளக்கு எரிகிறதே என்றான். அந்த விளக்கு வண்டிக்குள் இருக்கும் டைமர் சொல்படி எரிவது, ஹீட்டருக்குக் கரண்ட் போய்ச் சேர்ந்ததற்கு அது சாட்சி ஆகாது. கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் பல்பு லைட்டின் ஒரு முனையை பாடியில் கவ்வவிட்டு, மறுமுனையை ஹீட்டர்களை இணைக்கும் பட்டையில் வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னேன். பல்பு எரியவில்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், ஃபியூஸ் பட்டையருகே இணைப்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. ஒரு பக்கம் கடல் காற்று, இன்னொரு பக்கம் மீன் பெட்டியிலிருந்து வழியும் உப்புத் தண்ணீர். வேறென்ன ஆகும்? வெட்டி, ஒயர் முனைக்குப் புது உலோகக் கொக்கி (லக்) போட்டு, வாசலின் தடவி முடுக்கினேன்.

அதோடு விடவில்லை. பட்டையைக் கழற்றிவிட்டு, பல்பின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸில் கொடுத்து, மறுமுனையால் ஒவ்வொரு ஹீட்டரின் தலையையும் தொட்டேன். பல்பு எரிந்தால் ஹீட்டர் நல்லது, எரியாவிட்டால் உள்ளே அறுந்துவிட்டது. நான்கில் இரண்டு அறுந்திருந்தன. இன்னும் பழைய வண்டிகளில் இவை கல்யாண வீட்டு சீரியல் பல்புபோல வரிசையாகக் கோத்திருக்கும், ஒன்று போனால் எல்லாம் போகும். இவனுடையது தனித்தனி. அறுந்ததைக் கழற்றும்போது அவசரம் கூடாது. எஞ்சின் கொஞ்சம் சூடாக இருக்க வேண்டும், மரையில் முதல் நாளே எண்ணெய் விட வேண்டும், இறுகினால் முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். உள்ளே முறிந்தால் ஹெட்டையே இறக்க வேண்டிவரும்.

அவை எப்போது அறுந்தன என்று அவனுக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியாது. சித்திரையில் ஹீட்டர் செத்துப்போனாலும் நம் ஊர் வெயிலில் வண்டி பாட்டுக்கு ஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கும். மார்கழி வந்துதான் பிணத்தைக் காட்டும். பேட்டரியும் இப்படித்தான், அதை அரிப்பது கோடை, படுத்துக்கொள்வது மழைக்காலத்தில். அதனால் ஐப்பசி மழைக்கு முன்பே ஒருநாள் பல்பை வைத்துத் தொட்டுப் பார்த்துவிடு என்று சொன்னேன்.

"விளக்கு அணைந்ததும் உடனே அடிக்காதே. உன்னுடையது தேய்ந்த எஞ்சின். பத்து வரை எண்ணிவிட்டு அடி."

"பத்து வரையா? ஏலம் போய்விடும் பெரியப்பா."

மூன்று மணி நேரம் காத்திருந்த கதையை அவனுக்குச் சொன்னேன். நம்பினானா தெரியவில்லை.

மறுநாளும் மூன்றே முக்காலுக்கு விழிப்பு வந்துவிட்டது. ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்தபடியே கேட்டேன். வேன் கதவு சாத்தும் சத்தம், பிறகு அமைதி. எண்ணத் தொடங்கினேன். ஆறிலேயே அடித்துவிட்டான். ஆனாலும் பிடித்தது.